கிரிஸ் என்னும் சாவகக் குறுவாள்

சாவகம் என்னும் நாட்டுப் பெயர் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறப்பில் புண்ணியராசனாய் ஆண்ட நாடு சாவகநாடு; அவன் தலைநகர் நாகபுரம். கப்பலேறிச் சென்று காணத்தக்க நாடாகவே சாத்தனார் அதனைக் காட்டுகின்றார். காப்பியம் பயில்வோர் அந்நாட்டின் பெயரை அறிவரேயன்றி, அந்நாட்டு மக்கள் இடையில் எதைச் செருகியிருந்தனர், எதைப் போற்றினர், எதன்மேல் ஆணையிட்டனர் என்பவற்றைக் கேட்பதில்லை. அவ்வினாவுக்கு விடையாய் அமைவது கிரிஸ் என்னும் குறுவாள். இன்றைய இந்தோனேசியாவின் ஜாவாத் தீவினர் வார்த்தெடுத்த பண்பாட்டின் அடையாளம் அது. மலேசியாவுக்குப் பொருளீட்டச் சென்று திரும்பிய நம் பெரியவர்களுள் சிலர் அதன் உருவத்தைத் தம்மையறியாமலே சட்டைப் பையில் சுமந்திருப்பர். 1989 முதல் 2005 வரை அங்கு வழங்கிய ஒரு ரிங்கிட் நாணயத்தின் ஒரு புறம் பொறிக்கப்பட்டிருந்தது கிரிஸ்தான்.

தமிழில் குறுவாளுக்குச் சொற்பஞ்சம் இல்லை. சுரிகை, உடைவாள், குறும்பிடி, கட்டாரி, சூரி, பிச்சுவா எனப் பல. இவற்றுள் பிச்சுவா வடபுலத்திலிருந்து வந்த சொல். தேள் என்பது அதன் பொருள். வளைந்த அலகைத் தேள் கொடுக்காகக் கண்டவர் இட்ட பெயர் போலும். எனினும் கிரிஸ் இவற்றுள் எதனோடும் முற்றும் பொருந்துவதில்லை. ஆகவே அப்பெயரையே இக்கட்டுரையில் ஆள்வோம்.

அலகும் அதன் ஆக்கமும்

கிரிஸ் வெட்டுவதற்குரிய கருவியன்று; குத்துவதற்குரியது. அலகு நீண்டு ஒடுங்கி, கைப்பிடியை அணுகுமிடத்தில் ஒருபுறம் மட்டும் அகன்று நிற்கும். இரு பக்கமும் ஒத்திராத இவ்வமைப்பே கிரிஸைப் பிற கத்திகளினின்று பிரித்துக் காட்டும் முதற் குறி. பலரும் எண்ணுவதுபோல எல்லாக் கிரிஸும் நெளிந்தவை அல்ல. நேரான அலகுடையவையும் மிகுதி. நெளிவுடையதாயின் அந்நெளிவுகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாகவே அமையும். மூன்று, ஐந்து, ஏழு என ஏறிப் பதின்மூன்று வரை செல்வது பெருவழக்கு. நேர் அலகை அசையாது உறங்கும் நாகமாகவும் நெளிந்த அலகை ஊர்ந்து செல்லும் நாகமாகவும் ஜாவானியர் கருதுவர்.

அதன் சிறப்பெல்லாம் அலகின் மேற்பரப்பில் ஓடும் வெண்கோடுகளில் உள்ளது. 'பமோர்' எனப்படும் அக்கோடுகள் பூச்சும் அல்ல, செதுக்கும் அல்ல. இரும்பின் ஊடே நிக்கல் கலந்த இரும்பை வைத்து, உலையிற் காய்ச்சி, அடித்து நீட்டி, மடித்து, மீண்டும் காய்ச்சி அடிப்பர். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்குகள் இரட்டிக்கும். ஆறு மடிப்பில் ஒன்று அறுபத்து நான்காகும், ஏழாவதில் நூற்றிருபத்தெட்டு. இவ்வடுக்குகளின் நடுவே உருக்குத் தகட்டை வைத்துப் பொருத்துவர்; கூர்மை தருவது அவ்வுருக்கே. அடிக்கும்போது கொல்லன் எங்கே முறுக்கினான், எங்கே அழுத்தினான் என்பதற்கேற்ப இறுதியில் கோடுகளின் கோலம் மாறும். அரிசி மணி சிதறியதுபோல் ஒன்று, நீரலைபோல் ஒன்று, தென்னங்கீற்றுப்போல் ஒன்று எனப் பல வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயருண்டு.

நிக்கல் கலந்த இரும்பு ஜாவாவில் எளிதிற் கிடைப்பதன்று. சுலாவெசித் தீவின் லூவூப் பகுதியிலிருந்து வணிகர் கொணர்ந்த இரும்பு இதற்குப் பயன்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரம்பானன் கோயில்களுக்கு அருகே கிடைத்த விண்கல்லைச் சுரகர்த்தா அரண்மனைக்கு எடுத்துச் சென்றனர். அதன் துண்டுகளும் அரச குடும்பத்தார்க்கான கிரிஸ்களில் சேர்ந்தன. விண்ணிலிருந்து வீழ்ந்த இரும்பை மண்ணின் இரும்போடு மணஞ்செய்விப்பதாக அவர்கள் சொல்லிக்கொண்டனர்.

அடித்து முடித்த அலகு கரும்பரப்பாகவே இருக்கும். ஆர்செனிக் அடங்கிய பாடாணத்தை எலுமிச்சைச் சாற்றிற் கரைத்துத் தேய்க்கும்போதுதான் இரும்பு கறுத்து, நிக்கல் கோடுகள் வெள்ளி போல் எழும். கிரிஸ் நச்சுக்கத்தி என்று பழைய ஐரோப்பியப் பயணிகள் அஞ்சி எழுதியதற்கு இப்பாடாணமும் ஒரு காரணமாயிருக்கலாம். அவர்கள் நஞ்சைக் கண்டார்கள். அந்நஞ்சு எழுப்பிய கோலத்தைக் காணவில்லை.

இத்தொழிலில் முதிர்ந்தவரை 'எம்பு' என்பர். வெறும் கொல்லன் என்று அதனை மொழிபெயர்த்தல் பொருந்தாது. உலைமூட்டுமுன் நோன்பிருப்பதும், வாங்குவோன் இயல்பறிந்து நெளிவையும் கோலத்தையும் முடிவு செய்வதும் எம்புவின் முறை. நம் பக்கத்து ஊர்களாகிய மகாராஜபுரம், வத்திராயிருப்பு முதலியன நெல்லும் தென்னையும் விளையும் ஊர்கள். அங்கே கதிரரிவாளும் வெட்டரிவாளும் செய்து தரும் கொல்லரைக் கேட்டால், யாருடைய கைக்கு எவ்வளவு பாரம் வேண்டும், எந்த இரும்புக்கு எவ்வளவு தோய்ச்சல் வேண்டும் என்பதைச் சொல்வார்கள். வாங்குவோன் கையை அறிந்து இரும்பை அடிப்பது இரு நாட்டுக் கொல்லர்க்கும் பொது. எம்பு கையோடு நில்லாது மனத்தையும் கணக்கிற் கொண்டார் என்பதே வேறுபாடு.

கல்லிலும் கதையிலும்

மத்திய ஜாவாவில் லாவு மலைச்சரிவில் சூக்கூ என்றொரு கோயில் உளது. பதினைந்தாம் நூற்றாண்டினது. அதன் புடைப்புச் சிற்பமொன்று தமிழ் மாணவர் தவறாது அறியவேண்டியது. ஒரு கொல்லன் உலைக்களம். இடப்புறம் வீமன் அமர்ந்து அலகொன்றை அடித்து உருவாக்குகின்றான். வலப்புறம் அருச்சுனன் நின்றவாறே குழல்துருத்தியை இயக்குகின்றான். நடுவில் யானைமுகன் ஆடுகின்றான். பாரதக் கதை சென்ற நாடுகள் பலவாயினும், பாண்டவரைக் கொல்லுத் தொழிலில் அமர்த்திய கற்பனை ஜாவானியர்க்கே உரியது. கிரிஸ் வடிவங்களுள் ஒன்றன் பெயர் 'பசோபதி'. அருச்சுனன் பெற்ற பாசுபதமே அது. வேட உருவில் வந்த இறைவனோடு அவன் பொருத வரலாற்றைப் பதினோராம் நூற்றாண்டில் எம்பு கண்வர் என்னும் ஜாவானியப் புலவர் 'அர்ஜுன விவாகம்' என்று பாடினார். அதே வரலாற்றை அருச்சுனன் தவநிலைச் சருக்கமாகப் பாடிய வில்லிபுத்தூராரின் பெயர் நமக்கு அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரின் பெயராகவே அமைந்தது.

கிரிஸைப் பற்றிய கதைகளுள் தலையாயது எம்பு கந்த்ரிங் கதை. 'பரராத்தோன்' என்னும் பழைய அரச வரலாற்றில் அது வருகின்றது. கென் அரோக் என்பான் ஒரு கிரிஸ் செய்யுமாறு கந்த்ரிங்கிடம் சொல்லிச் சென்றான். குறித்த நாளில் வந்து பார்க்கையில் வேலை முடியவில்லை. சினந்தவன், முடியாத அக்கிரிஸையே பறித்து எம்புவைக் குத்தினான். இறக்கும் தறுவாயில் எம்பு, இக்கிரிஸ் உன்னையும் உன் வழியினரையும் சேர்த்து எழுவரைக் கொல்லும் என்று சாபமிட்டார். கென் அரோக் அதனைக் கொண்டே துமாப்பெல் தலைவனைக் கொன்று, அவன் மனைவி கென் தெதெஸை மணந்து, 1222இல் சிங்காசாரி அரசை நிறுவினான். ஐந்தாண்டுகளுக்குள் அவனே அக்கிரிஸால் மாண்டான்.

இக்கதையை மந்திரக் கதையென்று தள்ளிவிடலாம். ஆனால் அதனுள் ஒரு நீதி முறையீடு இருக்கின்றது. செய்தவனுக்குரிய காலத்தைத் தராமல் செய்பொருளை மட்டும் பறித்துக்கொண்ட அரசனை அக்கதை மன்னிக்கவில்லை. கைவினைஞன் பக்கம் நின்று அரச மரபின் தொடக்கத்தை எழுதிய நாட்டு வரலாறுகள் அதிகமில்லை.

மக்களிடை கிரிஸ் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு அயலார் சான்றுண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவுடன் மொழிபெயர்ப்பாளராய்ச் சென்ற மா ஹுவான் ஒரு முஸ்லிம். ஜாவாவில் மூன்று வயதுச் சிறுவன் முதல் முதியோர் வரை ஆடவர் யாவரும் இடையில் குறுவாள் செருகியிருந்ததை அவர் எழுதினார். அதே செங் ஹோ இலங்கையின் காலித் துறையில் நாட்டுதற்கெனக் கொணர்ந்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனமும் பாரசீகமும் தமிழும் ஒருங்கே உள்ளன. நூறாண்டுக்குப் பின் மலாக்காவிலிருந்து எழுதிய போர்த்துக்கீசியர் தோமே பிரேசும், ஜாவாவில் செல்வனாயினும் வறியனாயினும் வீட்டில் ஒரு கிரிஸ் இருந்தே தீரவேண்டும் என்று குறித்தார்.

அவ்வாயுதம் மணவிழாவிலும் இடம்பெற்றது. மணமகன் முதுகுப்புறம் செருகும் கிரிஸுக்கு மல்லிகைச்சரம் சூட்டுவர். மணமகன் வர இயலாவிடின் அவன் கிரிஸே அவனுக்காக மணவறையில் இருக்கும் வழக்கமும் இருந்தது. தஞ்சை மராத்திய அரசர் குடும்பத்தில் வாளை முன்வைத்து நிகழ்ந்த கத்திக் கல்யாணத்தை இங்கு ஒப்பிடலாம்.

இசுலாம் வந்தபின்

ஜாவானியர் பெரும்பாலோர் இசுலாத்தைத் தழுவியபின் கிரிஸ் மறையவில்லை. மாறாக, புதிய கதைகளைப் பெற்றது. ஜாவாவில் இசுலாத்தைப் பரப்பிய ஒன்பதின்மருள் ஒருவரான சூனான் கிரியைப் பற்றிய மரபுக்கதை ஒன்று. மஜபாகித்துப் படை அவர் ஊரைச் சூழ்ந்தபோது அவர் எழுதிக்கொண்டிருந்தார். கையிலிருந்த கலத்தை எறிந்தார். அது கிரிஸாகிச் சுழன்று படையை விரட்டியது. அக்கிரிஸின் பெயர் 'கலம் முஞெங்', அதாவது சுழலும் எழுதுகோல். கலம் என்பது நம் இல்லங்களிலும் வழங்கும் அரபுச் சொல்லே. படைக்கலமாகவும் எழுதுகோலாகவும் தமிழ்ச்செவியில் ஒலிக்கும் இச்சொல்லின் இரட்டுறல் ஜாவானியர்க்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும் கதை தானே அதனைச் சொல்லிவிடுகின்றது.

1633இல் மத்தாராம் அரசர் சுல்தான் அகுங், சக ஆண்டின் எண்ணிக்கையைத் தொடர்ந்துகொண்டு ஹிஜ்ரி மாதக் கணக்கை ஏற்றுப் புதிய ஜாவானிய நாட்காட்டியை வகுத்தார். அதில் முஹர்ரம் மாதம் 'சூரா' எனப்படும். ஆஷூரா என்பதன் திரிபு அது. அம்மாதத்தில்தான் குடும்பக் கிரிஸ்களை உறையினின்று எடுத்துக் கழுவி, எலுமிச்சையும் பாடாணமும் தேய்த்து, எண்ணெய் பூசி வைப்பர். இரும்பைத் துருவினின்று காக்க ஆண்டுக்கொருமுறை வேண்டிய பணிதான் அது. அதனைச் சூழ்ந்து வேறு நம்பிக்கைகளும் வளர்ந்தன. கிரிஸுக்குள் ஓர் ஆற்றல் உறைகின்றது, அது உடையவனைக் காக்கும், தீங்கு வருமுன் உறைக்குள் ஒலிக்கும் என்றெல்லாம் சொல்வர். கருப்பசாமி முன் நட்ட அரிவாளை நம் நாட்டுப்புறத்தார் காணும் கண்ணோடு இதனை ஒப்பிடலாம்.

படைப்பொருளில் ஆற்றல் உறைவதாகக் கொள்வது ஏகத்துவத்துக்கு ஏற்குமா என்ற வினா ஜாவானிய முஸ்லிம்களிடையே நெடுங்காலமாக உண்டு. ஒரு சாரார் இவ்வழக்கத்தை முற்றும் மறுப்பர். மற்றொரு சாரார், ஆற்றல் இறைவனுடையதே, கிரிஸ் முன்னோர் நினைவு மட்டுமே என்று அமைதி காண்பர். இவ்வழக்கில் ஜாவானியர் கையிலேயே ஒரு பழந்தீர்ப்பு இருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. அது இலங்கையோடு தொடர்புடையது.

இலங்கைக்கு வந்த அரசர்

1704 முதல் 1708 வரை ஜாவாவில் அரசுரிமைப் போர் நடந்தது. அரசர் மூன்றாம் அமங்குராத்துக்கு எதிராக அவர் சிற்றப்பன் பூகெர் இளவரசர் டச்சுக் கம்பெனியின் துணையோடு எழுந்து, முதலாம் பாக்குபுவானா என்னும் பெயரில் அரசரானார். தோற்ற அமங்குராத் 1708இல் டச்சுக்காரரிடம் சரணடைந்து, இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். 1734இல் மறையும்வரை அவர் அங்கேயே இருந்தார். அவர் வெறுங்கையோடு போகவில்லை. குலத்தின் 'புசாக்கா' எனப்படும் அரசப் பரம்பரைப் பொருள்களைத் தம்முடன் கொண்டு சென்றார். கிரிஸும் ஈட்டியும் அவற்றுள் முதன்மையானவை. புசாக்கா இல்லாத அரசன் அரசனல்லன் என்பது அந்நாட்டு எண்ணம். அரியணை ஜாவாவில்; அதன் உரிமைக்கு அடையாளமானவையோ கடல்கடந்த இலங்கையில்.

புதிய அரசர் என் செய்தார்? ஜாவானிய வரலாற்று நூலாகிய 'பபத்' ஒரு செய்தி கூறுகின்றது. புசாக்காக்கள் யாவும் போய்விட்டன என்று கலங்கியவர்க்கு, அவை போனாலென்ன, தெமாக் பள்ளிவாசலும் கடிலாங்குவில் உள்ள சூனான் காலிஜாகாவின் அடக்கத்தலமும் இருக்கும்வரை ஜாவாவின் உண்மைப் புசாக்கா இருக்கின்றது என்று பாக்குபுவானா விடை பகர்ந்தாராம். தொழுமிடமும் ஆசிரியர் நினைவும் எஞ்சியிருந்தால் இரும்பு போனது இழப்பன்று என்பது அதன் கருத்து. அரசியல் நெருக்கடியில் ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டது என்று ஒருவர் வாதிடலாம். இருக்கட்டும், நெருக்கடியில்தான் எது உடைமை, எது உயிர் என்பது பிரிந்து தெரிகின்றது. இதில் ஒரு முரணும் உண்டு. அமங்குராத் மறைந்தபின் அப்புசாக்காக்கள் ஜாவாவுக்கு மீட்டுக் கொணரப்பட்டன. வேண்டாமென்று யாரும் விட்டுவிடவில்லை.

அமங்குராத்துக்கு முன்பே, 1684இல், மக்காசாரைச் சேர்ந்த ஷெய்கு யூசுப் என்னும் பேரறிஞர் இலங்கைக்குக் கடத்தப்பட்டு, 1694இல் நன்னம்பிக்கை முனைக்கு மாற்றப்பட்டார். அரசரும் அறிஞரும் மட்டுமின்றிப் படைவீரரும் பெருந்தொகையினராய் வந்தனர். டச்சுக்காரரும் பின்னர் ஆங்கிலேயரும் அவர்களைப் படையிற் சேர்த்தனர். 1803இல் இலங்கையைப் பற்றி நூலெழுதிய ஆங்கிலப் படையதிகாரி பெர்சிவல், துப்பாக்கி பெற்ற பின்னும் மலாய் வீரர் கிரிஸைக் கைவிடாமையைக் குறித்துள்ளார். அதே 1803இல் கண்டியில் ஆங்கிலப் படை அழிந்தபோது, கண்டி அரசன் பக்கம் சேர மறுத்து உயிர்விட்ட மலாய்த் தலைவர் நூருத்தீனை இலங்கை மலாயர் இன்றும் நினைவுகூர்வர். மலாயர் பணிபுரிந்த இலங்கை ரைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டது.

படை போயிற்று, மக்கள் இருந்தனர். தமிழ் பேசும் சோனகரோடு மணவுறவும் பள்ளிவாசல் உறவும் கொண்டனர். அதனால் அவர்கள் மொழியில் நிகழ்ந்த மாற்றம் மொழியியல் மாணவர்க்கு விருந்து. இலங்கை மலாயின் சொற்கள் மலாய்ச் சொற்களே. ஆனால் வினை இறுதியில் நிற்கும், பெயருக்குப் பின் வேற்றுமை உருபு வரும். தமிழ், சிங்களம் ஆகியவற்றின் தொடரமைப்பில் மலாய்ச்சொல் நடக்கின்றது. யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயரையும் முற்காலச் சாவகர் குடியேற்றத்தோடு அறிஞர் தொடர்புறுத்துவர்; அது பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கதை, தனியே எழுதத்தக்கது.

சொற்கள் எதிர்த்திசையிலும் சென்றன. மலாயில் கேடயத்துக்குப் 'பெரிசாய்' என்று பெயர். நம் பரிசை என்னும் சொல்லே அது. தீட்டுதலுக்குச் 'சானாய்' என்பர், சாணை. கப்பல் அங்கும் 'காப்பால்'. கிரிஸ் அவர்களுடையது, அதனைத் தடுக்கும் பரிசையின் பெயரும் தீட்டும் சாணையின் பெயரும் நம்முடையவை.

மீண்டதும் உருகியதும்

1825 முதல் 1830 வரை டச்சுக்காரரை எதிர்த்துப் பொருத இளவரசர் திப்பனெகோரோவின் கிரிஸ் ஒன்றின் கதையையும் கூறவேண்டும். அப்போரில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஜாவானியர் மாண்டனர். 1830 மார்ச் 28ஆம் நாள், ரமலான் முடிந்த பெருநாட் காலத்தில், பேச்சுக்கு வந்தவரை மகெலாங்கில் சிறைபிடித்தனர். அவருடைய 'கியாய் நாக சிலுமான்' என்னும் கிரிஸ் 1831இல் டச்சு மன்னர் முதலாம் வில்லெமுக்குப் பரிசாய்ச் சென்றது. கியாய் என்பது ஜாவாவில் மதரசா ஆசிரியர்க்கு வழங்கும் மதிப்புப் பெயர். போற்றப்படும் கிரிஸுக்கும் அதுவே பெயர் என்பதைக் கருதுக. பின்னர் லெய்டன் அருங்காட்சியகத்தில் எது அவருடையது என்றே தெரியாதவாறு மற்றக் கிரிஸ்களிடையே அது கிடந்தது. பழைய கடிதக் குறிப்புகளைக் கொண்டு ஆய்ந்து, இதுவே அது என முடிவு கண்டு, 2020 மார்ச்சில் இந்தோனேசியாவிடம் ஒப்படைத்தனர். வடிவ இலக்கணம் பொருந்தவில்லையே என்று கிரிஸ் வல்லார் சிலர் ஐயமெழுப்பினர். ஆயினும் நூற்றுத்தொண்ணூறு ஆண்டுக்குப் பின் ஒரு நாடு தன் படைக்கலத்தைக் கேட்டுப் பெற்றது.

நம் நிலை என்ன? தஞ்சை மராத்திய மன்னர் சிவாஜி 1855இல் மறைந்தபின் கம்பெனி அரசு அந்நாட்டை எடுத்துக்கொண்டது. அரண்மனைப் படைக்கலக் கொட்டிலில் இருந்த வேலைப்பாடு மிக்க கட்டாரிகளும் வாள்களும் 1860களில் சென்னைக்குச் சென்றன. தேர்ந்தெடுத்த சிலவே அருங்காட்சியகத்துக்கு வாய்த்தன. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விலைபோயிற்று. திருப்பிக் கேட்பதற்குக்கூடப் பொருள் இல்லை.

ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய புறநானூற்று 95ஆம் பாட்டு இங்கு நினைவுக்கு வரும். பீலி சூட்டி நெய் பூசிக் காவலில் வைத்த தொண்டைமான் படைக்கலங்களையும், போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கும் அதியமான் படைக்கலங்களையும் அவர் ஒருங்கு நிறுத்தினார். புகழ்வதுபோல் பழித்த அப்பாட்டின் குறும்பை வகுப்பில் சுவைக்கின்றோம். கிரிஸின் வரலாற்றில் அதே வினா வேறுமுகம் கொள்கின்றது. கண்ணாடிப் பேழையில் உள்ள கிரிஸ் பிழைத்துவிட்டது. கொல்லன் பட்டறை பிழைத்ததா?

அது ஏறக்குறைய அணைந்தே போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் போரும் வறுமையும் வந்தபோது எம்புக்கள் கலப்பைக்கொழுவும் மண்வெட்டியும் அடித்துப் பிழைத்தனர். 1970களில் யோக்யகர்த்தாவுக்கு மேற்கே ஓர் ஊரில் எம்பு மரபினரான யோசோபங்கர்சோவும் அவர் உடன்பிறந்தாரும் மீண்டும் உலைமூட்டினர். ஜெர்மானிய மாலுமியும் ஆர்வலருமான திரெஷர் என்பார் அதற்குத் தூண்டுகோலாய் இருந்தார். தம்பி ஜெனோ ஹரும்புரோஜோ 2006இல் மறையும் வரை அத்தொழிலைச் செய்தார். அவருக்குப் பின் மகன் சுங்கோவோ அப்பட்டறையில் அமர்ந்தார். 2005இல் யுனெஸ்கோ நிறுவனம் கிரிஸை மானிட மரபுச் செல்வமாக அறிவித்தது. மதுராத் தீவின் சுமெனெப் பகுதியில் அயெங் தொங்தொங் என்னும் சிற்றூரில் இத்தொழிலில் ஈடுபட்ட குடும்பங்கள் பல. அவ்வூர்க் கொல்லர் முஸ்லிம்கள். ஒருவர் அலகடிக்க, ஒருவர் அராவ, ஒருவர் உறை கடைந்து, ஒருவர் பிடி செதுக்க, சந்தைக்குரிய மலிந்த கிரிஸும் விரும்பிக் கேட்போர்க்குரிய உயர்ந்த கிரிஸும் ஒரே தெருவில் உருவாகின்றன.